பாட்டுக்கு எழுதும் மொய்

சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடிப் பகிர்ந்துகொள்கிற எங்கள் குழுவுக்குச் சோமனூர் விசைத்தறிக்காரர் அனுப்பிய முதல் பாட்டைக் கேட்டபோது ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். டக்கடி டக்கடி என்று ஒரே இரைச்சல். அதற்குள் எங்கேயோ ஒரு ஆள் பாடிக்கொண்டிருக்கிறார். போன் போட்டுக் கேட்டேன்.

"ஏனுங்ணா, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பாடியிருக்கலாமுங்களே?"

"எங்க போறதுங்க தம்பி? எட்டுத் தறி ஓடுது. ஊட்டுக்குள்ள போனாலும் இதே சத்தந்தான். நிறுத்திப் போட்டுப் பாடுனா கூலி யாரு குடுப்பாங்க?"

சரி என்று நானே சுத்தம் பண்ண உட்கார்ந்தேன். ஆடாசிட்டி என்கிற ஒலி திருத்தும் மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க ஒரு வசதி உண்டு. பாட்டு இல்லாத இடத்தில் இரண்டு மூன்று வினாடி இரைச்சலை மட்டும் காட்டிக்கொடுத்தால், அதை மாதிரியாக வைத்துக்கொண்டு மொத்தப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். ஃபேன் சத்தம், ஏசி சத்தம் மாதிரி ஒரே சீராக ஓடுவதற்கு அது சரிப்படும். தறி அப்படியா? ஊடை நூலைக் குறுக்கே கொண்டு ஓடுகிற நாடா போய் மோதுகிற ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு அடி. கழித்துப் பார்த்ததில் தறி பாதி போனது, மனிதர் முக்கால்வாசி போய்விட்டார். கிணற்றுக்குள்ளிருந்து கொப்பளிக்கிற மாதிரி ஒரு குரல் மிஞ்சியது.

ராத்திரி பதினொன்றரை மணிக்கு, வேறு வழியில்லாமல் பழைய ஃபைலையே திரும்பப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் என் விரல் தன்னால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது. எட்டுத் தறியும் எட்டு விதமாக ஓடினாலும் அவர் நிற்கிற தறி மட்டும் முன்னால் கேட்கிறது. மனிதர் அதன் மேல்தான் பாடுகிறார். 'நூலறுந்தா முடிஞ்சுக்கலாம், நாளறுந்தா என்ன பண்ண' என்று பல்லவி. 'அறுந்தா' என்பதன் 'றுந்' ஒவ்வொரு தடவையும் நாடா அடிக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தது. அளந்து பார்த்தேன், நிமிடத்துக்கு 132 அடி. மூன்றாவது நிமிடத்தில் 128க்கு இறங்கியிருந்தது. பெல்ட் தளர்ந்திருக்கும் என்று அவரே பிறகு சொன்னார். பாட்டும் கூடவே இறங்கியிருந்தது, அவருக்குத் தெரியாமலே.

மறுநாள் சத்தத்தைக் குறைக்காமல் அப்படியே குழுவில் போட்டேன்.

இந்தக் குழுவைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பாட்டுக் கற்றவர்கள் அதிகம் பேர் இதில் இல்லை. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் பார்க்கிறவன், ஆர்மோனியம் கொஞ்சம் வாசிப்பேன். பொள்ளாச்சியில் ஒரு டீச்சரக்கா, காங்கேயத்தில் எண்ணெய் மில் கணக்கெழுதுகிறவர், ஈரோட்டில் மஞ்சள் மண்டிப் பையன், கரூரில் கொசுவலை தைக்கிற இரண்டு பெண்கள். கோபிச்செட்டிபாளையத்து மாமா ஒருவர் மட்டும் இருபது வருடம் லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தவர். 2020ல் நோம்பி என்கிற கோயில் திருவிழா நின்று, கல்யாணக் கச்சேரி நின்று, அவர் கீபோர்டைத் துணி போட்டு மூடி வைத்திருந்த சமயத்தில்தான் ஏழு பேராகத் தொடங்கினோம்.

அதற்கு முன்பே எனக்கு இந்தக் கிறுக்கு உண்டு. பிப்ரவரி ஆல்பம் ரைட்டிங் மந்த் என்று 2004லிருந்து நடக்கிற ஒரு பந்தயம் இருக்கிறது. பிப்ரவரியின் 28 நாளில் 14 பாட்டு எழுத வேண்டும், இரண்டு நாளைக்கு ஒன்று. பரிசு கிடையாது. ஒரு வருடம் சேர்ந்தேன். மூன்றாவது பாட்டோடு ஏற்றுமதி நெருக்கடி வந்து நான் காணாமல் போனேன். ஆனால் அந்த மூன்று பாட்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அதற்கு முந்தைய பத்து வருடத்தில் முழுசாக ஒன்றுகூட முடித்ததில்லை. கெடு என்று ஒன்று இருந்தால் என் மாதிரி சோம்பேறிக்கும் பாட்டு வருகிறது. ஆனால் 14 எல்லாம் நமக்கு ஆகாது. மாதம் ஒன்று போதும்.

முதலில் மாதம் முழுக்க நேரம் கொடுத்துப் பார்த்தோம். எல்லோரும் 27ஆம் தேதிதான் பேனா எடுத்தார்கள், நானும்தான். கோபி மாமாதான் சொன்னார், "பூச்சாட்டுன மாதிரி வெச்சுக்கலாம் மாப்ள, பதினஞ்சு நாளு." எங்கள் பக்கத்து மாரியம்மன் நோம்பி தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பூச்சாட்டி நோம்பியைத் தொடங்கிவிட்டால் ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். கம்பம் நட்டுவிட்டால் வெளியூர் போனவன் ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பார்கள். பதினைந்து நாளும் தப்பட்டை காதில் விழுந்துகொண்டே இருக்கும், வேறு நினைப்பு ஓடாது. அதையே எடுத்துக்கொண்டோம். அமாவாசையன்று தலைப்பு அறிவிப்பு, பௌர்ணமி ராத்திரி பன்னிரண்டுக்குள் பாட்டு வந்துவிட வேண்டும். தேதி நினைவு வைக்கத் தேவையில்லை, தறிக்குடோன் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாலே இன்னும் எத்தனை நாள் என்று தெரியும். தேய்பிறை முழுக்க ஓய்வு. அந்த ஓய்வு இல்லையென்றால் எப்போதோ கலைந்திருப்போம்.

நிபந்தனைகள் கொஞ்சம்தான். வரியும் மெட்டும் சொந்தம். பல்லவியும் ஒரு சரணமுமாவது இருக்க வேண்டும். கட்சிப் பாட்டு வேண்டாம். சாமி பாட்டு வரலாம், இந்த ஊரில் முருகனைத் தடுத்து யார் ஜெயிப்பது? சுட்ட மெட்டைப் பற்றி மட்டும் அடிக்கடி சண்டை வரும். வேண்டுமென்றே சுடுகிறவர்கள் யாரும் இல்லை. முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் கேட்ட பாட்டெல்லாம் நமக்குள்ளே ஊறிக் கிடக்கிறது, நாம் வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வருகிறது.

ஓட்டு வைத்ததுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. 'சாங் ஃபைட்' என்று வெளியே ஒன்று உண்டு. தலைப்பு கொடுப்பார்கள், வருகிற பாட்டுகளுக்குக் கேட்கிறவர்கள் ஓட்டுப் போடுவார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் ஆசைப்பட்டேன். நாலாவது சுற்றில் ஒருவர் தன் ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்க லிங்க் அனுப்பி ஓட்டு வாங்கிவிட்டார். ஆறே பாட்டு வந்த சுற்றில் எண்பத்துச் சொச்சம் ஓட்டு. அந்த மனிதர் பாட்டு மோசமில்லை, அதுதான் சங்கடம். கடைசியில் நின்ற கரூர்ப் பெண் அடுத்த இரண்டு சுற்று வரவில்லை. கூப்பிட்டபோது அவள் ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எம்பாட்டை யாராச்சும் கடைசி வரைக்கும் கேட்டாங்களாண்ணா?" என்றாள்.

எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நானே இரண்டாவது சரணத்தைத் தாண்டவில்லை.

அன்றைக்கு ஓட்டு போயிற்று, மொய் வந்தது. கல்யாண மண்டபத்தில் வாசல் பக்கம் மேசை போட்டு நீளமான நோட்டில் எழுதுவார்களே, ஊர், பெயர், தொகை என்று, அதே கணக்குதான். பாட்டு அனுப்பிய ஒவ்வொருவரும் மற்ற எல்லாப் பாட்டுக்கும் மொய் எழுத வேண்டும். ஒரு ஷீட் வைத்திருக்கிறோம், பக்கவாட்டில் பெயர்கள், மேலே பாட்டுகள். ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது மூன்று வரி: எந்த இடத்தில் நின்று கேட்டீர்கள், எதைத் திரும்பப் போட்டுக் கேட்டீர்கள், பாடினவரிடம் கேட்க ஒரு கேள்வி. 'நல்லா இருக்கு', 'சூப்பர்' எல்லாம் கணக்கில் வராது. அது கவரில் பேரெழுதாமல் வைத்த மொய். யாருக்குத் திருப்பிச் செய்வது?

ஒரு மொய்யைக் காட்டுகிறேன், டீச்சரக்கா மண்டிப் பையனுக்கு எழுதியது: "1.20ல் 'தண்ணி' என்று இழுக்கிற இடத்தில் மூச்சு முட்டுகிறது. அதைத் திருத்திவிடாதீர்கள் தம்பி, தாகமாகத்தான் கேட்கிறது. அதற்கு அடுத்த வரியை மூன்று தடவை போட்டுக் கேட்டேன், வார்த்தை புரியவில்லை. 'பாத்தி'யா, 'பாதி'யா?" பாத்திதான். பையன் அந்த ஒரு வரிக்காகப் பாட்டை மறுபடி பாடி அனுப்பினான்.

மொய் எழுதாதவர்களை விலக்குவதில்லை. அடுத்த சுற்றில் அவர்கள் பாட்டு வரிசையில் கடைசியில் போகும், கடைசிப் பந்தி மாதிரி. ரசம் இருக்கும், பாயசம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இதிலும் ஒரு சிக்கல் வந்தது, நான் கம்பெனியில் ஷிப்மென்ட் கணக்குப் பார்க்கிற ஆளாக இருந்தும் முன்னால் யோசிக்காத சிக்கல். 16 பேர் என்றால் ஆளுக்கு 15, மொத்தம் 240 மொய். தாங்கியது. 23 பேர் ஆனபோது 506. ஒரு ஆளுக்கு 22 பாட்டு, சராசரி மூன்றரை நிமிடம் என்றால் ஒரு தடவை கேட்கவே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். எழுத உட்கார்ந்தால் ராத்திரி போய்விடும். மொய் மெல்ல மெல்ல இளைக்கத் தொடங்கியது, மூன்று வரி இரண்டாகி, இரண்டு 'அருமை' ஆனது. அதனால் இப்போது 12 பேருக்கு மேல் போனால் குலுக்கிப் போட்டு இரண்டு பந்தியாகப் பிரித்துவிடுகிறோம். அவரவர் பந்திக்கு மட்டும் எழுதினால் போதும். இந்த மாதிரி ஏதாவது தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்டால் மற்றதெல்லாம் எப்படியோ செய்துகொள்ளுங்கள், இந்தப் பெருக்கல் கணக்கை முதல் நாளே போட்டுப் பாருங்கள் என்பேன்.

தலைப்புக்கு வருகிறேன். ஆரம்பத்தில் மழை, அம்மா, காதல் என்று கொடுத்தோம். வந்ததெல்லாம் ஏற்கெனவே கேட்ட பாட்டு மாதிரியே இருந்தது. மழை என்றால் எல்லோருக்கும் மண்வாசனை, அம்மா என்றால் எல்லோருக்கும் முந்தானை. ஒன்பதாவது சுற்றில் யாரோ 'கவலை' என்று கொடுத்தார்கள். பத்துப் பேர் கடன், வேலை, பிரிவு என்று அழுது அனுப்பினார்கள். தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு அப்பாரு, எழுபதைத் தாண்டியவர், பேத்தி போனில் பதிந்து அனுப்பியிருந்தார். அவர் கிணற்றுக் கவலையைப் பாடியிருந்தார். மாடு பூட்டி, சால் என்கிற பெரிய வாளியால் தண்ணீர் இறைப்பது. 1932ல் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்து, கோயமுத்தூர்ச் சீமைக் கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் உட்கார்ந்தபின் மெல்ல நின்றுபோன வேலை. எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்பதே மறந்துவிட்டது.

அந்தப் பாட்டில் ஒரு குறை இருந்தது. இரண்டு வரி பாடுவார், அப்புறம் ஏழெட்டு வினாடி ஒன்றுமே இருக்காது. மறுபடி இரண்டு வரி, மறுபடி மௌனம். மொய் நோட்டில் ஐந்து பேர் 'நடுவில் கட் ஆகிறது, மறுபடி அனுப்பவும்' என்று எழுதினார்கள். நான் ஒரு படி மேலே போய் அந்த இடைவெளிகளை வெட்டி ஒட்டி ஒரு பிரதி தயார் செய்து வைத்திருந்தேன். சோமனூர்க்காரர் மட்டும் எழுதியிருந்தார்: "ஹெட்போன் போட்டுக் கேட்டேன். கட் ஆகலீங்க. அந்த நேரத்துல பெரியவரு மூச்சு கேக்குது. என்ன பண்றாருங்க?"

பேத்தியிடம் போனைக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன்.

"சால் மேல வந்து தண்ணி ஊத்தோணுமல்ல கண்ணு? ஊத்தி முடிஞ்சு மாடு மேல ஏறோணும். அது வரைக்கும் என்னத்தப் பாடறது?"

மாடு சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு பாடுவது அந்தப் பாட்டு. நின்றால் நிறுத்த வேண்டும். நாற்பது வருடமாக மாடும் இல்லை, வடமும் இல்லை, அவர் இன்னும் அதற்காகக் காத்திருந்து பாடுகிறார். என் பிரதியை அழித்துவிட்டேன்.

அந்தச் சுற்றுக்கு அப்புறம் தலைப்பாக வார்த்தை கொடுப்பதை விட்டோம். காங்கேயத்துக்காரர் யோசனைதான் இது. காங்கேயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் யாராவது ஒருவர் கனவில் ஆண்டவர் வந்து ஒரு பொருளைச் சொல்வார். பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்தவர் கனவு வரும்வரை அது இருக்கும். மண், தண்ணீர், மஞ்சள், சைக்கிள் என்று என்னென்னவோ வந்திருக்கின்றன. அது எதைக் குறிக்கிறது என்று ஜனங்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். நாங்களும் அமாவாசையன்று சீட்டுக் குலுக்குகிறோம். பெயர் வந்தவர் தன் கைக்கெட்டுகிற ஒரு பொருளைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. இதுவரை வந்ததில் நினைவிருக்கிறவை: ஓரம் தேய்ந்த தறி நாடா, ஒரு காது மட்டும் கேட்கிற ஹெட்செட், மாட்டுக் கழுத்து மணி, ரேஷன் கார்டு உறை, பாதி எரிந்த கொசுவர்த்தி. கொசுவர்த்திக்கு வந்த ஒன்பது பாட்டும் ஒன்பது விதம். மண்வாசனை ஒன்றில்கூட இல்லை.

பதிவைப் பற்றிக் கொஞ்சம். எல்லோரும் போனில்தான் பதிகிறோம். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாகப் பாடி அனுப்பாதீர்கள். அது பேச்சுக்காகச் செய்தது, பாட்டை இறுக்கிச் சுருக்கித்தான் கொண்டுவந்து சேர்க்கும். ரெக்கார்டரில் பதிந்து டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே வரும். அறையில் எதிரொலி இருந்தால் கொடியில் இரண்டு பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு நடுவில் நின்று பாடுங்கள். தடித்த துணி, கணீர் என்று சுவரில் பட்டுத் திரும்புகிறதை நன்றாகக் குடித்துவிடும். கனத்த குரலின் குமுறல் போகாது, அதற்கு மெத்தைதான் வேண்டும். ஜமுக்காளம் இல்லாதவர்களுக்குச் சென்னிமலைப் போர்வை. அதுவும் இல்லாவிட்டால் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், மே மாதம் தவிர.

சேர்ந்து பாடுவதுதான் ரொம்ப நாள் பிடிபடவில்லை. வீடியோ காலில் கோபி மாமா வாசிக்க நான் பாடிப் பார்த்தேன். இரண்டாவது வரியில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். கோளாறு எங்கள் இருவரிடமும் இல்லை. சத்தம் காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. வீடியோ காலில் 150 மில்லி வினாடி தாமதம் என்றால், தப்பட்டைக்காரர் 50 மீட்டர் தள்ளி நின்று அடிக்கிற மாதிரி. அத்தனை தூரத்திலிருந்து வருகிற அடிக்கு யாராலும் சேர்த்துப் பாட முடியாது. அதனால் கைமாற்றுதான். ஒருவர் பாடி அனுப்ப, அடுத்தவர் அதைக் காதில் போட்டுக்கொண்டு தன்னுடையதைத் தனியாகப் பதிந்து அனுப்ப, யாராவது ஒருவர் ஒட்டுகிறோம். ஆரம்பத்தில் எல்லோரும் ஒரு கைதட்டு தட்டிவிட்டுத் தொடங்கினால் ஒட்டுவது சுலபம்.

அதிலும் ஒருமுறை மானம் போனது. டீச்சரக்கா 5 கட்டைச் சுருதியில் அழகாகப் பாடி அனுப்பிய பாட்டு, என் கணினியில் நாலுக்கும் நாலரைக்கும் நடுவில், எந்தச் சுருதியிலும் சேராமல், ஆண்குரல் மாதிரி இழுத்துக்கொண்டு ஓடியது. ஜலதோஷமா அக்கா என்று விசாரித்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அவர் போன் வினாடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிந்திருந்தது, நான் அதைக் கச்சா ஃபைலாகத் திறக்கும்போது 44,100 என்று கொடுத்திருந்தேன், அதனால் பாட்டு மெதுவாகி, சுருதியும் இறங்கி ஓடியது. அக்கா இன்றைக்கும் எனக்கு மொய் எழுதும்போது கடைசியில் 'ஜலதோஷம் இல்லை' என்று சேர்ப்பார்.

முப்பத்தோராவது சுற்றில் நடந்தது இது. குலுக்கலில் மஞ்சள் மண்டிப் பையன் பெயர் வந்து, ஒரு கைவிளக்கைப் படம் போட்டிருந்தான். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னாலேயே சோமனூரிலிருந்து பாட்டு வந்துவிட்டது. திறந்து கேட்டேன். சுத்தமான குரல், பின்னால் எங்கோ ஒரு காக்கா, அவ்வளவுதான். ஜமுக்காளம் வாங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நல்ல பாட்டு. ஆனால் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் துளி தயங்கினார், யாரோ தாளம் எடுத்துக் கொடுப்பதற்குக் காத்திருக்கிற மாதிரி.

மொய் நோட்டில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் எழுதியிருந்தார்கள். தாராபுரத்து அப்பாரு சொல்லப் பேத்தி தட்டியது: "சத்தத்தக் காணமே சாமி, என்னாச்சு?"

அதற்குக் கீழே சோமனூர்க்காரர் பதில்: "கூலி ஏத்தச் சொல்லி ஸ்ட்ரைக்குங்க அப்பாரு. தறி நின்னு எட்டு நாளாச்சு."

கோபி மாமாவிடம் பழைய பாட்டின் தறிச் சத்தம் தனியாக இருந்தது. பல்லவிக்கு முன்னால் வருகிற நாற்பது வினாடி, அதை வைத்து அவர் எப்போதோ தாளம் செய்து பார்த்திருந்தார். அதை அடியில் ஓட்டி அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாங்க மாமா. ஓடறப்ப நானே அனுப்பறனுங்க."